கொடியும் கொத்தும்: தஞ்சையில் நிலக்கடலை

தஞ்சை என்றாலே நெல் தான். ஆனால் 1934-ல் திறக்கப்பட்ட மேட்டூர் அணையின் தண்ணீர் கல்லணைக் கால்வாய் வழியே எட்டிய ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்து மேட்டு நிலங்களில் நிலக்கடலையும் விளைகிறது.

பழைய கொடி ரகங்கள் நான்கு மாதத்துக்கு மேல் நிற்கும். இடையில் காய்ந்தாலும் பின்மழையில் மறுபடி பூத்து ஓரளவு ஈடுகட்டும். கடைசி மழை பொய்த்தால் போச்சு!

குடியாத்தம் கொத்து ரகத்திலிருந்து திண்டிவனத்தில் தேர்ந்தெடுத்து 1940-ல் வெளியிட்ட டி.எம்.வி. 2 சுமார் 105 நாளில் முடிந்துவிடும். அது வறட்சியைத் தாங்குகிறது என்பதைவிட, முந்திக்கொண்டு தப்பிக்கிறது என்பதே சரி. 2012-ல் ஜூன் 12-க்குப் பதில் செப்டம்பர் 17-ல் தான் மேட்டூர் திறந்தது. அப்படிப்பட்ட ஆண்டில் நாள் குறைந்த ரகமே கைகொடுக்கும்.

ஆனால் விழுது இறங்கும் சமயத்தில் மண் காய்ந்து இறுகினால் இதுவும் ஏமாற்றும். அறுவடையில் மழை பிடித்தாலோ, விதை உறக்கம் இல்லாததால் காய் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும்.