ஜெர்மனியின் ஆடையில்லாக் கடற்கரைகள்

ஜெர்மனியின் ஆடையில்லாக் கடற்கரைகள் என்பவை பால்டிக் கடலோரத்திலும் வட கடலோரத்திலும் நீச்சலுடை அணியாமல் குளிக்கவும் வெயில் காயவும் உள்ளூர் நிர்வாகங்கள் ஒதுக்கியுள்ள பொதுக் கரைப் பகுதிகள். 'ஃப்ரைகோர்ப்பர்குல்ட்டூர்' (கட்டற்ற உடற்பண்பாடு) என்ற இயக்கத்தின் பெயரைச் சுருக்கி எஃப்.கே.கே. கடற்கரை என்று அந்நாட்டார் சொல்வர். வயதானவர்களும் பிள்ளைகளோடு வரும் பெற்றோரும் இங்கே சாதாரணமாகக் காணப்படுவர். காமக் களியாட்டத்துக்கான இடங்கள் அல்ல இவை; அந்த எண்ணத்தோடு வருபவரை முதலில் விரட்டுவோர் அங்கே வழக்கமாகக் குளிப்பவர்களே.

கடலாடலும் வெயில் மருத்துவமும்

கடலில் குளிப்பது ஜெர்மனியில் மருத்துவர்கள் சொல்லித் தொடங்கிய பழக்கம். மெக்லென்பர்க் ஆட்சியாளர் முதலாம் ஃப்ரீட்ரிக் ஃப்ரான்ஸ், சாமுவேல் கோட்லீப் ஃபோகல் என்னும் மருத்துவரின் அறிவுரைப்படி 1793இல் ஹைலிகென்டாம் கரையில் கடலாடினார். நாட்டின் முதல் கடற்குளியல் ஊர் அதுதான். வட கடலில் நோர்டர்னை தீவு 1797இல் அதைப் பின்பற்றியது. அதன்பின் வந்த நூற்றாண்டில் ஆண்களுக்கு ஒரு கரை, பெண்களுக்கு வேறொரு கரை என்பதே ஒழுங்காக இருந்தது. சக்கரம் பூட்டிய மரக்கூண்டை நீருக்குள் உருட்டிச் சென்று, உள்ளேயே உடை மாற்றி, அதன் படி வழியாகவே கடலில் இறங்குவார்கள். கணவனும் மனைவியும் குழந்தைகளும் ஒரே கரையில் சேர்ந்து குளிக்கும் 'குடும்பக் குளியல்' 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் பரவியது.

நீர் மருந்தானதுபோல வெயிலும் காற்றும் மருந்தாயின. ஸ்விட்சர்லாந்தில் சாயத் தொழில் நடத்திய ஆர்னோல்ட் ரிக்லி (1823–1906) 1850களில் இன்றைய ஸ்லோவேனியாவின் பிளெட் ஏரிக்கரைக்குப் பெயர்ந்து, நோயாளிகளை மெல்லிய உடையிலும் உடையின்றியும் வெயிலில் கிடத்தும் சிகிச்சையை நடத்தினார். படித்த மருத்துவர்கள் அவரை நெடுநாள் மதிக்கவில்லை. ஒளிச் சிகிச்சைக்காக டென்மார்க்கின் நீல்ஸ் ஃபின்சென் 1903இல் நோபல் பரிசு பெற்றபின் காற்று திசை மாறியது. 1919இல் பெர்லின் குழந்தை மருத்துவர் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி, எலும்பு வளையும் ரிக்கெட்ஸ் நோயை புற ஊதா விளக்கொளியால் குணப்படுத்திக் காட்டினார். வெயில் எட்டாத முற்றங்களைச் சுற்றி அடுக்கடுக்காக எழுந்த பெர்லின் வாடகைக் குடியிருப்புகளில் அந்நோய் மலிந்திருந்தது. அக்காலத்துத் தொழிலாளர் குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஏரிக்கரைகளுக்குப் போய்ப் பிள்ளைகளை வெயிலில் விட்டதன் காரணத்தை இதிலிருந்து அறியலாம். ஆடையில்லாக் குளியலை மேட்டுக்குடியின் விசித்திரம் என்று தள்ளுவோர் இந்தப் பின்னணியைக் கவனிப்பதில்லை.

முன்னோடிகள்

ஓவியர் கார்ல் வில்ஹெல்ம் டீஃபென்பாக் மியூனிக் அருகே கைவிடப்பட்ட கல்குவாரி ஒன்றில் குடும்பத்தோடும் சீடர்களோடும் வாழ்ந்தவர். ஆடையின்றி வெயில் காய்ந்ததற்காக 1888இல் அவர்மீது வழக்கு நடந்தது. அவருடைய சீடர் ஹூகோ ஹோப்பனர், 'ஃபிடுஸ்' என்ற பெயரில் வரைந்த ஓவியங்களில் மலையுச்சியில் கைகளை விரித்துக் கதிரவனை நோக்கி நிற்கும் இளைஞன் உருவம் ஜெர்மனி முழுவதும் அச்சாகி வீடுகளில் தொங்கியது. ஹைன்ரிக் புடோர் 1893இல் ஆடையில்லா வாழ்வைப் பற்றி ஒரு நூல் எழுதினார். ரிச்சர்ட் உங்கேவிட்டர் எழுதிய நூல்கள் பெருமளவில் விற்றன.

புடோரையும் உங்கேவிட்டரையும் இயக்கத்தின் தந்தையர் என்று கொண்டாடும் போக்கு இன்னும் இருக்கிறது. இருவரும் இனவெறிக் கருத்துகளை எழுதியவர்கள், யூதர்களைப் பழித்தவர்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். உடலை ஒளியில் நிறுத்துவதன் நோக்கம் 'தூய இனத்தை' வளர்ப்பதே என்று உங்கேவிட்டர் வாதித்தார். அந்த நஞ்சு அவருடைய நூல்களுக்குள்ளே மட்டும் நிற்கவில்லை. பொதுக் கடற்குளியல் ஊர்களிலும் அது இருந்தது. வட கடலின் போர்க்கும் தீவும் பால்டிக் கடலின் உசெடோம் தீவிலுள்ள சின்னோவிட்ஸும் ஹிட்லர் ஆட்சிக்கு வருமுன்பே யூதர்களைச் சேர்க்காத ஊர்களாகப் பெயர் வாங்கியிருந்தன.

கடலோரத்தை ஒட்டிய முதல் முயற்சி லூபெக் பகுதியில் உள்ள கிளிங்பெர்கில் நடந்தது. பவுல் சிம்மர்மன் 1903இல் அங்கே ஏரிக்கரையில் ஒரு திறந்தவெளிப் பூங்காவைத் தொடங்கினார். புலால் இல்லாத உணவும் உடற்பயிற்சியும் ஆடையில்லாக் குளியலும் அங்கு ஒரே ஒழுங்கின் பகுதிகள்.

முதல் சங்கம் எது என்ற கேள்விக்கு ஜெர்மானிய நூல்கள் 1898இல் எஸ்ஸென் நகரில் தோன்றியதையே காட்டும். ஆனால் அந்த முதலிடம் இந்தியாவுக்கு உரியது. பம்பாய் மாகாணத்தின் தாணேயில் நீதிபதியாக இருந்த சார்லஸ் எட்வர்ட் கோர்டன் கிராஃபோர்ட் என்ற ஆங்கிலேயர் 1891இல் இத்தகைய சங்கம் ஒன்றை அமைத்தார். உறுப்பினர் மூவரே. ஆங்கில எழுத்தாளர் எட்வர்ட் கார்பென்டருக்கு அவர் எழுதிய கடிதங்களால்தான் அது வெளியே தெரிந்தது.

சில்ட் தீவும் பெர்லின் பள்ளிகளும்

முதல் உலகப் போர் முடிந்தபின் வட கடலின் சில்ட் தீவில் ராணுவம் விட்டுச்சென்ற கொட்டகைகள் மணல்மேடுகளுக்கிடையே கிடந்தன. இளைஞர் இயக்கத்தைச் சேர்ந்த மருத்துவர் க்னுட் ஆல்போர்ன் அவற்றைப் பெற்று, கிளாப்ஹோல்ட்டால் என்ற இடத்தில் ஒரு முகாம் நிறுவினார். காலையில் உடற்பயிற்சி, பிறகு கடல், மாலையில் சொற்பொழிவு என்று நாள் கழியும். குளிக்கையில் ஆடை இல்லை. கிளாப்ஹோல்ட்டால் இன்றும் கடலோரக் கல்விக்கூடமாக இயங்குகிறது. தீவை நிலத்தோடு இணைக்கும் 11 கி.மீ. ரயில் கரை 1927இல் திறந்தபிறகு விருந்தினர் பெருகினர். காம்பென் ஊரின் 'பூனே 16' கரை பின்னாளில் பணக்காரர்களும் நடிகர்களும் கூடும் இடமாகிப் பத்திரிகைகளில் அடிபட்டது. அலையைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிக் கட்டிய தடுப்புகளுக்கு இட்ட வரிசை எண்ணே அதன் பெயரில் உள்ள 16.

இயக்கத்தை எளிய மக்களிடம் கொண்டு சேர்த்தவர் அடோல்ஃப் கோக் (1897–1970). பெர்லினில் தொழிலாளர் பகுதிப் பள்ளியொன்றில் ஆசிரியராக இருந்தவர், மாணவர்களுக்கு ஆடையின்றி உடற்பயிற்சி சொல்லித் தந்ததால் எழுந்த கூச்சலில் வேலையிலிருந்து விலகினார். பின்னர் தாமே உடற்பண்பாட்டுப் பள்ளிகளை நடத்தினார். சமதர்மக் கட்சியினரும் தொழிற்சங்கத்தாரும் அவருக்குத் துணை நின்றனர். அவருடைய பள்ளிகளில் மருத்துவப் பரிசோதனையும் உடல்நலக் கல்வியும் உண்டு. 1929இல் பெர்லினில் பன்னாட்டு மாநாடும் கூட்டினார். பிற்காலத்தில் கடற்கரைகளில் நிலைபெற்ற குடும்பப் பாங்கான வழக்கத்துக்கு உங்கேவிட்டரின் நூல்களைவிட கோக்கின் பள்ளிகளே வேர்.

தடையும் தளர்வும்

1932 ஆகஸ்டில் பிரஷ்ய மாநிலத்தின் உள்துறைப் பொறுப்பிலிருந்த ஃப்ரான்ஸ் பிராக்ட் பொது இடத்தில் ஆடையின்றிக் குளிப்பதைத் தடுத்தார். நீச்சலுடையில் எங்கே எவ்வளவு துணி இருக்க வேண்டும் என்றுகூட அடுத்த ஆணையில் வரையறுத்தார். நாடே அதைக் கேட்டுச் சிரித்தது. 1933 மார்ச் 3இல் நாஜித் தலைவர் ஹெர்மன் கோரிங் இவ்வியக்கமே பண்பாட்டுக்குப் பேராபத்து என்று ஆணையிட்டார். கோக்கின் பள்ளிகள் மூடப்பட்டன. நாஜி அமைப்புக்குள் அடங்கச் சம்மதித்த சங்கங்கள் மட்டும் பெயர் மாறிப் பிழைத்தன. 1942 ஜூலை 10இல் வந்த காவல்துறை விதி, பிறர் கண்ணில் படாத இடங்களில் ஆடையின்றிக் குளிக்க இடம் தந்தது.

கிழக்கு ஜெர்மனி

இப்பொருளில் மிக முக்கியமான நிகழ்ச்சி நடந்தது பால்டிக் கடலோரத்தில், கிழக்கு ஜெர்மானிய அரசின் காலத்தில். ஓவியர் குடியிருப்பாகப் பெயர்பெற்ற ஆரென்ஸ்ஹோப் ஊருக்கு 1950களின் தொடக்கத்தில் எழுத்தாளர்களும் நடிகர்களும் பேராசிரியர்களும் கோடையில் திரண்டனர். அவர்களில் பலர் ஆடையின்றிக் குளித்தனர். கவிஞரும் பண்பாட்டு அமைச்சருமான யோஹன்னஸ் பெஹருக்கு அது பிடிக்கவில்லை. 1954இல் தடை வந்தது. காவலர்கள் கரையில் ரோந்து சுற்றினர். குளிப்பவர்கள் அடங்கிப் போகவில்லை. மருத்துவர்களும் தொழிலாளர்களும் கலைஞர்களும் பெர்லினுக்கு மனு மேல் மனுவாக எழுதினர். இது முதலாளித்துவச் சீரழிவு அல்ல, தொழிலாளர் இயக்கத்தின் சொந்த மரபு என்று கோக்கின் காலத்தைச் சுட்டிக்காட்டி வாதாடினர். அந்த வாதத்தை மறுக்க ஆளும் பொதுவுடைமைக் கட்சியிடம் சொல் இல்லை.

1956 மே 18 அன்று வெளியான குளியல் ஒழுங்குமுறை ஆணை விவகாரத்தை முடித்தது. எல்லோரும் வந்துபோகும் இடத்தில் ஆடையின்றிக் குளிக்க வேண்டுமானால், அந்த இடம் அதற்கென வெளிப்படையாக ஒதுக்கப்பட்டு, அறிவிப்புப் பலகையால் அடையாளம் காட்டப்பட்டிருக்க வேண்டும் என்பது அதன் சாரம். நிபந்தனைபோலத் தோன்றும் இந்த வாக்கியம்தான் ஊர் ஊராகப் பலகை நடப்பட வழிவிட்டது. 1970களில் ப்ரேரோவ், க்ரால்-மியூரிட்ஸ், வார்னமியுண்டே, உசெடோமின் யுக்கெரிட்ஸ் என்று கரை நெடுக ஆடையில்லாப் பகுதிகள் இருந்தன. சங்க உறுப்பினர் அட்டை எதுவும் தேவையில்லை. இத்தகைய சங்கம் அமைக்கவே அரசு அனுமதிக்கவில்லை. மேற்கு ஜெர்மனியில் 1949 முதல் இயங்கிய எஃப்.கே.கே. கூட்டமைப்பின் சங்கங்கள் வேலியிட்ட தனி நிலங்களை நடத்தின. கிழக்கிலோ எவரும் பொதுக் கரைக்குப் போகலாம். இந்த வேறுபாட்டால்தான் பழக்கம் கிழக்கில் மிக ஆழமாக ஊன்றியது. பயணநூல் வெளியிடும் அரசுப் பதிப்பகமே 1980களில் இவ்விடங்களுக்கென ஒரு கைநூலை அச்சிட்டது. ஆட்சியை எதிர்க்கவே மக்கள் ஆடை களைந்தனர் என்ற பிற்கால விளக்கம் மிகைப்படுத்தல். அவர்கள் கேட்டது குளிக்கும் உரிமை, கேட்டு வாங்கினர்.

1990க்குப் பின்

நாடு ஒன்றானதும் மேற்கிலிருந்து வந்த விருந்தினரும் விடுதி முதலாளிகளும் முகம் சுளித்தனர். பத்திரிகைகள் இதற்கு 'உள்ளாடைச் சண்டை' என்று பெயர் வைத்தன. பல ஊர்களில் ஆடையில்லாப் பகுதி கரையின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டது. 2007 இறுதியில் போலந்து எல்லைக் கட்டுப்பாடு நீங்கியபோது போலந்து ஊரான ஷ்வினோவுய்ஷ்சேயிலிருந்து உசெடோமின் ஆல்பெக் நோக்கி நடந்து வந்தவர்கள் திகைத்ததும் செய்தியானது. ரோஸ்டோக் நகரம் 2024இல் தன் கரை விதிகளைத் திருத்தி, ஆடையில்லாப் பகுதிக்குள் உடையோடு அமர்வோரை வெளியேறச் சொல்லலாம் என்றது.

கண்டறிதலும் செல்லுதலும்

வெறுமனே ஆடையின்றி இருப்பது ஜெர்மானியச் சட்டத்தில் தனிக் குற்றமாக வரையறுக்கப்படவில்லை. பொதுமக்களுக்குத் தொல்லை தந்தால் ஒழுங்குமீறல் சட்டத்தின் 118ஆம் பிரிவில் அபராதம் உண்டு. கரையின் எந்தத் துண்டு யாருக்கு என்பதை ஊர்க் கடற்கரை விதியே தீர்மானிக்கிறது. மணல்மேட்டைத் தாண்டிக் கரைக்கு இறங்கும் நடைபாதைகளுக்கு எண் இருக்கும். ஆடையோடு குளிப்போர் பகுதி, எஃப்.கே.கே. பகுதி, நாய்களுக்கான பகுதி என்று பலகைகள் பிரித்துக் காட்டும். ஊரின் சுற்றுலா அலுவலகத்தில் கேட்டால் எண்ணைத் தயங்காமல் சொல்வார்கள். பல ஊர்களில் விருந்தினர் வரி கட்டியாக வேண்டும். விடுதியில் அதற்கான அட்டை தருவார்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் தொடக்கம்வரை ஏற்ற காலம். நடுக்கோடையிலும் பால்டிக் நீர் பெரும்பாலும் 20 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். காற்று வீசினால் உடல் நடுங்கும். அதனால்தான் மூங்கிற்கூடைபோல் பின்னிய 'ஸ்ட்ராண்ட்கோர்ப்' என்ற மூடுநாற்காலியை வாடகைக்கு எடுக்கிறார்கள். வெயில் பட்டுப் பழகாத தோல் விரைவில் புண்ணாகும் என்பதால் தடுப்புக் களிம்பு அவசியம்.

உட்காருமுன் துண்டு விரிக்க வேண்டும். கடைக்கோ உணவகத்துக்கோ போகும்போது உடுத்திக்கொள்ள வேண்டும். அடுத்தவரை உற்றுப் பார்ப்பதும் இடமிருக்கையில் நெருங்கி அமர்வதும் அநாகரிகம். ஒருவர் உருவத்தை அவர் இசைவின்றி வெளியிடுவதைச் சட்டம் தடுக்கிறது. எனவே கைபேசியைப் பைக்குள் வைத்திருப்பதே முறை.

முதல்முறை போகிறவருக்கு வார்னமியுண்டே எளிது. பெர்லினிலிருந்து ரயிலில் ரோஸ்டோக் வந்து, நகர ரயிலில் கரைக்குப் போய்விடலாம். கார்கள் ஓடாத ஹிடன்சே தீவுக்கு ஸ்ட்ரால்சுண்டிலிருந்தோ ஷாப்ரோடேயிலிருந்தோ படகு உண்டு. ப்ரேரோவின் நீண்ட மணற்கரையில் கூட்டம் இருந்தாலும் இடம் கிடைக்கும். தனிமை வேண்டுவோர் டார்ஸ் தீபகற்பத்தின் மேற்குக் கரைக்குப் போகிறார்கள். 1990இல் அறிவிக்கப்பட்ட தேசியப் பூங்காவுக்குள் காட்டு வழியே சைக்கிளிலோ நடந்தோதான் அதை அடைய முடியும். காற்றில் வளைந்த மரங்களும் கடல் அரித்து வீழ்த்திய அடிமரங்களும் கரையெங்கும் கிடக்கும். உயிர்காப்பாளர், கடை, கழிப்பறை எதையும் அங்கே எதிர்பார்க்க முடியாது. குடிநீரும் உணவும் கையோடு கொண்டுபோய், குப்பையைத் திரும்ப எடுத்து வர வேண்டும்.