ஓடுற இரத்தம் எப்படி நிக்குது?

மாரியில நாயாற்று முகத்துவாரம் உடைச்சுக்கொண்டு கடலுக்குப் பாயிறதைப் பார்த்திருப்பியள். அந்த இழுவையில ஒரு சருகுகூட ஓரத்தில தங்காது. அப்ப சிப்பி வெட்டின காலில, பாய்ந்து வாற இரத்தத்துக்குள்ள இருக்கிற குருதிச் சிறுதட்டுகள் எப்படிக் காயத்தில போய் ஒட்டுது? வேகம் கூடினால் அடிபட்டெல்லோ போகவேணும்?

இதற்கான விடை தொடங்குவது இன்னொரு கடற்கரையில். 1924இல் பின்லாந்தின் ஓலண்ட் தீவுகளைச் சேர்ந்த ஹ்யோர்டிஸ் என்ற ஐந்து வயதுச் சிறுமியை மருத்துவர் எரிக் வொன் வில்லிபிராண்ட் பரிசோதித்தார். பிள்ளைக்கு அடிக்கடி இரத்தம் கசிந்தது. அவளின் சகோதரிகள் சிலர் அப்படியே இறந்துமிருந்தார்கள். 1926இல் அவர் எழுதிய கட்டுரை ஒரு புதிரைச் சொன்னது: சிறுதட்டுகளின் எண்ணிக்கை சரி, சோதனைக்குழாயில் இரத்தம் உறைவதிலும் பெரிய பிசகில்லை, ஆனால் காயத்தில் மட்டும் நிற்கவில்லை. ஹீமோபீலியா ஆம்பிளைப் பிள்ளைகளைத்தான் பெரும்பாலும் பிடிக்கும். இது பெண்களையும் பிடித்தது.

பிழை சிறுதட்டில்தான் என்று அவர் நம்பினார். அது சரியில்லை. 1950களில் சுவீடனின் இங்கா மேரி நில்சன் குழுவினர் இந்த நோயாளிகளுக்குக் குருதித் திரவவிழையத்தின் ஒரு பகுதியை ஏற்ற, கசிவு நேரம் குறைந்தது. இல்லாமலிருந்தது திரவவிழையத்தில் உள்ள ஒரு புரதம்.

அந்தப் புரதத்தின் குணம்தான் வியப்பு. மெதுவான ஓட்டத்தில் அது சுருட்டி வைத்த வலைபோலக் கிடக்கும். நாடி அறுந்து, வேகமான ஓட்டம் அதை இழுக்கும்போது விரியும்; விரிந்த இடத்தில் சிறுதட்டுகள் வந்து கொளுவும். விசை ஓர் எல்லையைத் தாண்டியதும் அது விரிவதை 2007இல் ஆய்வுகூடத்தில் கண்ணாலேயே பார்த்தார்கள். அடிச்சுக்கொண்டு போகவேண்டிய வேகமே பிடிச்சு வைக்குது! (கொழுப்புப் படிந்து ஒடுங்கிய இதய நாடியிலும் இதே வலை விரியும். அங்கே அது மாரடைப்பு.)

ஹ்யோர்டிஸ் 13 வயதில், தன் நாலாவது மாதவிடாயில் இரத்தம் போய் இறந்தாள். நோய்க்கு வைத்தது மருத்துவரின் பெயர்.

எங்கட பக்கம் மாதவிடாய் ஏழு நாளைத் தாண்டிப் போனாலும், “சிலருக்கு அப்பிடித்தான் பிள்ளை” எண்டு அம்மம்மாமார் கதையை முடிச்சுப்போடுவினம். பல்லுப் பிடுங்கினாலும் இரத்தம் நிக்காத பிள்ளையெண்டால், கிளினிக்கில ரெண்டையும் சேர்த்துச் சொல்லுங்கோ. அந்தப் புரதம் குறைவோ எண்டு இப்ப சோதிக்கலாம், மருந்தும் இருக்கு. ஹ்யோர்டிஸுக்கு ரெண்டும் கிடைக்கேல்லை.