தையல் மெஷின் நம்ம பேருக்கு வந்த கதை

குழுக் கூட்டத்தில் கடன் பேச்சு எடுத்தால் முதலில் மீன் வியாபாரம் வரும். அடுத்து கருவாடு, ஆடு, அதுக்கப்புறம் தையல் மெஷின். இப்போது இன்னொரு பேச்சும் சேர்ந்திருக்கிறது. பழைய சேலை, கட்பீஸ் துணி எல்லாத்தையும் ஒட்டுப்போட்டு, நடுவில் பஞ்சு வைத்து, மெத்தை விரிப்பாகத் தைத்து விற்கலாமாம். அதற்கென்றே நீளமான கை வைத்த மெஷின் இருக்கிறதாம், லாங்ஆர்ம் மெஷின் என்று பேர். கூட்டமைப்பு சேர்ந்து ஒன்று வாங்கலாமா என்று கேட்கிறார்கள். அதற்குப் பதில் சொல்லும் முன்னால், சின்ன மெஷின் நம்ம கைக்கு எப்படி வந்தது என்று தெரிஞ்சுக்கிறது நல்லது. கடன், தவணை, ரிப்பேர் மூணும் அந்தக் கதையில் உண்டு.

மெஷின் பிறந்தபோது அதை யாரும் மாலை போட்டு வரவேற்கவில்லை. பிரான்ஸ் நாட்டில் தீமோனியே என்ற தையல்காரர் 1830-ல் ஒன்று செய்து, பட்டாளத்துக்குச் சட்டை தைக்கும் பட்டறை போட்டார். எங்க பிழைப்பு போச்சே என்று மற்ற தையல்காரர்கள் 1831-ல் உள்ளே புகுந்து மெஷின்களை உடைத்துப் போட்டார்கள். அமெரிக்காவில் வால்டர் ஹன்ட் என்பவரும் ஒன்று செய்தார். அவர் மகள், இது வந்தால் கையால் தைத்துப் பிழைக்கும் ஏழைப் பெண்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டதாகவும், அதனால் அவர் அதை விற்கப் போகவில்லை என்றும் சொல்வார்கள். அந்தப் பிள்ளை கேட்டது சரியான கேள்வி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பிறகு 1846-ல் எலியாஸ் ஹோவும், 1851-ல் ஐசக் சிங்கரும் காப்புரிமை வாங்கினார்கள். மெஷின் நிலைத்துவிட்டது.

விலைதான் இடித்தது. ஒரு மெஷின் நூறு டாலருக்கும் மேலே. கூலிக்காரக் குடும்பத்துக்கு அது பல மாத வருமானம். சிங்கர் கம்பெனியில் கூட்டாளியாக இருந்த எட்வர்ட் கிளார்க் என்ற வக்கீல் 1856-ல் ஒரு வழி கண்டுபிடித்தார். கொஞ்சம் முன்பணம் கட்டு, மெஷினை வீட்டுக்குக் கொண்டு போ, மாசாமாசம் மீதியைக் கட்டு. இன்றைக்கு ஃபிரிட்ஜும் பைக்கும் வாங்குகிறோமே, அந்தத் தவணை முறை உலகத்தில் பரவியதற்குத் தையல் மெஷின் பெரிய காரணம். ஆனால் அதில் ஒரு கண்ணி உண்டு. கடைசித் தவணை கட்டுகிற வரை மெஷின் கம்பெனிக்குத்தான் சொந்தம். கட்டத் தவறினால் ஆள் வந்து தூக்கிக்கொண்டு போவார். அதுவரை கட்டினது வாடகைக் கணக்கு.

நம்ம பக்கத்துக்கு அது சீக்கிரமே வந்துவிட்டது. தூத்துக்குடிக்கு ரயில் வந்தது 1876-ல். சிங்கர் கம்பெனி கொழும்பில் கடை திறந்தது 1877-ல். இந்தியா முழுவதுக்கும் அந்தக் கம்பெனி வியாபாரத்தை வளர்த்தவர் பம்பாயில் இருந்த நஸர்வான்ஜி மெர்வான்ஜி படேல் என்ற பார்சிக்காரர். ஆரம்பத்தில் விற்பனை மந்தம். சேலைக்கும் வேட்டிக்கும் தையல் எதற்கு? வாங்கினவர்கள் பெரும்பாலும் ஆண் டெய்லர்கள். கடைத் திண்ணையில் அவர்கள் மிதித்தார்கள். பெண்கள் பொத்தான் கட்டுவதும் ஓரம் அடிப்பதுமாக இருந்தார்கள். சட்டை, ரவிக்கை, பள்ளிக்கூட யூனிஃபார்ம் எல்லாம் பரவின பிறகுதான் மெஷின் வீட்டுக்குள் வந்தது.

ஊசியால் சொந்தமாகச் சம்பாதிப்பது அதற்கு முன்பே நம்ம தென்பகுதிப் பெண்களுக்குத் தெரியும். 1820-களில் நாகர்கோவிலில் மால்ட் பாதிரியாரின் மனைவி பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அடிமைகளாக இருந்த சில பெண்கள் அந்தப் பணத்தைக் கட்டியே விடுதலை வாங்கினார்கள். அவருடைய மகள் எலிசா, கால்டுவெல்லைக் கல்யாணம் செய்து இடையன்குடிக்கு வந்தபோது அந்த லேஸ் வேலையும் கூடவே வந்தது. அதற்கு வேண்டியது கட்டை, நூல், குண்டூசி. முதலீடு கைக்குள் அடங்கும், கெட்டுப்போனால் தானே சரிசெய்துகொள்ளலாம். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

மெஷின் என்றாலே யோசிக்கிற காந்தியும் தையல் மெஷினுக்கு மட்டும் விதிவிலக்கு கொடுத்தார். மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்க்கமுடியாமல் சிங்கர் அன்பினால் செய்த கருவி என்று 1924-ல் ஒரு உரையாடலில் சொல்லியிருக்கிறார். (நிஜத்தில் சிங்கர் ஒரே ஊரில் பல குடும்பம் வைத்திருந்த மனுசன். அது காந்திக்குத் தெரியாதுபோல.) 1935-ல் கல்கத்தாவில் ஜெய் இன்ஜினியரிங் கம்பெனி உஷா மெஷினைச் செய்ய ஆரம்பித்தது. பிறகு லூதியானாவில் பட்டறை பட்டறையாக உதிரிப் பாகம் செய்து இன்னும் மலிவாக மெஷின் கோத்தார்கள். இந்தக் கறுப்பு மெஷின்கள் பலவும் பழைய சிங்கர் மாடலைப் பார்த்துச் செய்தவை. அதனால் ஊசி, பாபின், பாபின் கேஸ் எல்லாம் எந்தக் கடையிலும் கிடைக்கும். இதுதான் அந்த மெஷினின் பெரிய பலம். பெயின்ட்டும் பூப்படமும் அதற்கப்புறம்தான்.

நூல் விஷயத்தில் நம்ம ஊருக்குப் பெருமை உண்டு. தூத்துக்குடி கோரல் மில்லில் 1908 பிப்ரவரியில் வ.உ.சி. தலைமையில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து, கூலி உயர்வும் வார ஓய்வும் வாங்கினார்கள். நூலைத் தொடும்போது அந்த மில் வாசல் ஞாபகம் வரட்டும்.

சுதந்திரத்துக்குப் பிறகு அரசாங்கம் வந்தது. சத்தியவாணி முத்து அம்மையார் பேரில் இலவசத் தையல் மெஷின் திட்டம், யூனிஃபார்ம் தைக்கும் மகளிர் கூட்டுறவுச் சங்கங்கள் எல்லாம் வந்தன. 1989-ல் தர்மபுரியில் சுய உதவிக் குழுக்கள் தொடங்கின. 1997-க்குப் பிறகு மகளிர் திட்டம் மாநிலம் முழுக்கப் போனது. மெஷின் முதல்முறையாகப் புருசன் பேரில் இல்லாமல் நம்ம பேரில் வந்தது. தவணையை ஏஜென்டிடம் கட்டாமல் நம்ம குழுவிலேயே கட்டினோம். கிளார்க் வக்கீலின் கண்ணியை அறுத்தது அதுதான் என்று சொல்லுவேன்.

இன்னொரு கண்ணி அறுபடவில்லை. எத்தனை வீட்டில் மெஷின் கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது? கடன் முடிந்துவிட்டது, மெஷினும் முடிந்துவிட்டது. நம்ம தருவைகுளத்துக் காற்றில் உப்பு இருக்கிறது, சுத்தி உப்பளம். ஒரு மழைக்காலம் சும்மா விட்டால் ஊசித்தண்டு துருப்பிடிக்கும். ரிப்பேருக்கு டவுனுக்குத் தூக்கிப்போகணும், ஆட்டோ கூலி, மெக்கானிக் கூலி, ஒரு நாள் வேலையும் போச்சு. இவ்வளவுக்கும் வலை பொத்துகிற கைக்கு இந்த வேலை ஒன்றும் பெரிசில்லை. தேங்காய் எண்ணெய் விட்டால் நாள்பட்டுப் பிசினாக இறுகும், மெஷின் ஆயில்தான் விடணும். தினம் வேலை முடிந்ததும் ஷட்டிலில் சேர்ந்த பஞ்சைத் துடைக்கணும். தையல் அடியில் நூல் கொத்துக் கொத்தாக விழுந்தால் கோளாறு கீழே இல்லை. மேல்நூல் கோத்ததிலும் மேல் டென்ஷனிலும் பார்க்கணும். நூல் அறுந்தால் முதலில் ஊசியை மாத்திப் பார். ஊசியில் நீளப் பள்ளம் இருக்கிற பக்கத்திலிருந்துதான் நூல் கோர்க்கணும், தட்டைப் பக்கம் அதற்கு எதிரே இருக்கணும். பாதி ரிப்பேர் இதிலேயே தீரும்.

இனி லாங்ஆர்முக்கு வருவோம். சாதா மெஷினில் ஊசிக்கும் வலதுபக்கத் தூணுக்கும் நடுவே ஏழு இஞ்சுக்குள்தான் இடம். கட்டில் அகலத்துக்கு மூணு அடுக்காகப் போட்ட விரிப்பின் நடுவில் தைக்கணும் என்றால், பாதி விரிப்பைச் சுருட்டி அந்தச் சந்தில் நுழைக்கணும். நுழையாது, நுழைந்தாலும் தோள் கழன்றுபோகும். லாங்ஆர்மில் அந்த இடம் பதினைந்து இஞ்சிலிருந்து முப்பது இஞ்சு வரை இருக்கும். துணியை உருளைகளில் இழுத்துக் கட்டிவிட்டு, சக்கரம் வைத்த மெஷின் தலையைத் தண்டவாளத்தில் நகர்த்தித் தைப்பார்கள். துணி நிற்கும், மெஷின் ஓடும்.

அமெரிக்காவில் பல பெண்கள் இதை வீட்டில் வைத்து, மற்றவர்கள் ஒட்டுப்போட்டுக் கொண்டுவரும் விரிப்பைக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கிறார்கள். கூலியைச் சதுர இஞ்சுக் கணக்கில் வாங்குகிறார்கள். அறுபது இஞ்சுக்கு எண்பது என்றால் 4,800 சதுர இஞ்சு, ஒரு இஞ்சுக்கு இவ்வளவு என்று. இந்தக் கணக்கு கூட்டமைப்புக்குப் பொருந்தும். ஒட்டுப்போடுகிற வேலை வீட்டுக்கு வீடு சின்ன மெஷினில் நடக்கட்டும், கடைசித் தையல் மட்டும் பொதுக் கட்டடத்தில் நடக்கட்டும். பெரிய விரிப்புக்கான சட்டம் பத்துப் பன்னிரண்டு அடி நீளம், சுத்தி நடக்க இடமும் வேணும். நம்ம வீட்டு அறை எதிலும் அடங்காது.

புது மெஷின், சட்டத்தோடு, கம்ப்யூட்டரும் வைத்து வாங்கினால் பல லட்சம் ஆகும். என் அபிப்பிராயம், கம்ப்யூட்டர் வேண்டாம். கையால் ஓட்டுகிற மாடலே போதும், போர்டு போனால் நம்மால் ஒன்றும் செய்யமுடியாது. அதிலும் மலிவு, சட்டமே இல்லாமல் மேசையில் உட்கார்ந்து துணியைக் கையால் நகர்த்தித் தைக்கிற நீளக்கை மெஷின். முதலில் அதை வாங்கி, ஆர்டர் எப்படி வருகிறது என்று ஒரு வருசம் பார்க்கலாம். பழைய மெஷின் விலைக்கு வந்தால், மூணு அடுக்குத் துணியை நாமே கொண்டுபோய் அதில் தைத்துப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

பராமரிப்பில் இது செல்லப்பிள்ளை. பாபின் மாத்தும்போதெல்லாம் பஞ்சைத் துடைத்து, கொக்கியில் ஒரு சொட்டு ஆயில் விடணும். தண்டவாளத்தில் ஒரு துண்டு நூல் கிடந்தாலும் தையல் கோணும். தடித்த மடிப்பில் இடித்து ஊசி முறிந்தால் டைமிங் தப்பும், அதாவது ஊசி கீழே போய் மேலே திரும்புகிற நேரத்தில் கொக்கி வந்து நூலைப் பிடிக்காது. இதைச் சரிசெய்ய ஸ்க்ரூடிரைவரும் பொறுமையும் போதும், ஆனால் ஒருத்தர் பக்கத்தில் நின்று காட்டித் தரணும். ஆகவே வாங்கும் ஒப்பந்தத்தில் விலைக்குப் பக்கத்திலேயே இதையும் எழுதி வாங்குவோம்: நம்ம உறுப்பினர் இரண்டு பேருக்கு, ஓட்ட மட்டும் இல்லை, கழற்றி மாட்டவும் பயிற்சி. கூடவே ஒரு வருசத்துக்கு வேண்டிய ஊசி, பாபின், ஒரு மாற்றுக் கொக்கி. தீர்மான நோட்டில் அந்த இரண்டு பேர் பெயரை எழுதின பிறகு கடன் மனுவில் கையெழுத்துப் போடலாம்.