வார்னிஷ் போன பின் வந்த வேகம்

வீட்டில் கார் கழுவுவது சுலபமானதற்குச் சோப்பைவிடப் பெயின்ட்தான் முதல் காரணம். ஆரம்பகாலக் கார்கள் பலவற்றுக்கும் குதிரை வண்டிக்குப் பூசிய எண்ணெய் வார்னிஷ்தான். பூசிக் காய வாரக்கணக்காகும், வெயிலில் மங்கி வெடிக்கும். சேற்றை அழுத்தித் தேய்த்தால் கீறல்தான். ஊறவைத்து, கடற்பஞ்சால் ஒற்றி, மெல்லிய தோலால் ஈரம் எடுக்க வேண்டும். அவசரக்காரருக்கு ஆகாத வேலை. 1923இல் டூபான்ட் நிறுவனத்தின் ‘டியூகோ’ லாக்கர் பெயின்ட் வந்தது. சில மணி நேரத்தில் காய்ந்தது, வெயிலையும் தாங்கியது.

1984இல் கார்ச்சர் நிறுவனம் வீட்டுக்கென விற்ற உயர் அழுத்த நீர்க் குழாய்தானே கழுவலுக்கு வேகம் தந்தது என்பார்கள். பாதி உண்மை. அந்தப் பீச்சலைப் பழைய வார்னிஷ் தாங்கியிருக்காது. காப்புப் பூச்சில் மட்டும் பழமை விடவில்லை: பிரேசில் நாட்டுக் கார்னோபா பனையோலை மெழுகு இன்றும் கடைகளில் விற்கிறது.