காரணம் எழுதாத குண்டு

அரசாங்க உத்தியோகத்தில் ஒருநாள் தற்செயல் விடுப்புக்குக்கூடக் காரணம் எழுத வேண்டும். அப்படி எழுதி எழுதியே ஓய்வு பெற்றவன் நான். அதனால்தானோ என்னவோ, காரணமே வேண்டாம் என்று குண்டு வீசியவர்களைப் பற்றிப் படித்தபோது புத்தகத்தை மூட முடியவில்லை.

1883-ல் லூயீஸ் மிஷெல் பாரிஸ் வீதியில் கறுப்புக் கொடி ஏந்தி நடந்ததைப் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தெரியும். இருபது ஆண்டு கழித்து, 1903-ல், அந்தப் பெயரிலேயே ஒரு கூட்டம் கிளம்பியது. ரஷ்ய மொழியில் 'சோர்னொயே ஸ்னாமியா', கறுப்புக் கொடி. பிறந்த இடம் பியாலிஸ்டோக் என்ற நெசவாலை ஊர். இன்று போலந்தில் இருக்கிறது. அன்று ஜாரின் ஆட்சி. யூதர்கள் குடியிருக்கலாம் என்று சட்டம் அனுமதித்த மேற்கு மாகாணங்களுக்குள் இருந்த ஊர் அது. அங்கே யூதர்களுக்கு வேலையும் நிச்சயமில்லை, உயிரும் நிச்சயமில்லை. இயக்கத்தில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மீசை அரும்பாத பிள்ளைகள்.

நிசான் பார்பர் என்ற பையனை எடுத்துக்கொள்ளுங்கள். கோகன் என்ற ஆலை முதலாளி, வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்களுக்குப் பதிலாக வெளியாட்களை இறக்கினார். 1904-ல், யூதர்கள் பாவமன்னிப்பு கேட்டு உபவாசம் இருக்கும் புனித நாளில், ஜெப ஆலய வாசலில் காத்திருந்து பார்பர் அவரைக் கத்தியால் குத்தினான். சில நாட்களில் போலீஸ் நிலையத்தில் குண்டு வீசி, அதிலேயே தானும் செத்தான். அவன் செய்ததை நான் ஏற்கவில்லை. ஆனால் கோகன் ஏன் என்று கேட்டால் அவனிடம் பதில் இருந்தது.

அடுத்த ஆண்டே அந்தப் பதிலும் போய்விட்டது. 'பெஸ்மோத்திவ்னி' என்று ஒரு பிரிவு கிளம்பியது. நம் பிரெஞ்சு 'மொத்தீப்'தான் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது: காரணம் இல்லாதவர்கள். தனிமனிதன் செய்த குற்றம் தேவையில்லை, வசதியுள்ள வர்க்கத்தில் இருப்பதே குற்றம் என்பது அவர்கள் கட்சி. 1905 நவம்பரில் வார்சாவின் பிரிஸ்டல் ஓட்டலில் குண்டு. டிசம்பரில் ஒடெஸாவின் லிப்மன் காபி கடையில் குண்டுகள். காபி குடிக்க வந்தவர் ஆலை முதலாளியா, கடன் வாங்கிப் பிழைக்கும் குமாஸ்தாவா என்று குண்டுக்கு எப்படித் தெரியும்? (குமாஸ்தா என்பதால் எனக்கு இந்தக் கவலை.) பாரிஸில் 1894-ல் எமீல் ஆன்ரி தெர்மினூஸ் காபி கடையில் குண்டு வீசியதும் இதே வாதத்தில்தான். அவன் தலை கில்லட்டினில் போனது. அராஜகவாதிகளிலேயே பலர், ஒடெஸாவின் நோவொமீர்ஸ்கி உட்பட, இந்தக் காரணமற்ற பயங்கரத்தைக் கண்டித்தார்கள்.

லிப்மன் வழக்கில் மூவருக்குத் தூக்கு. ஓல்கா தராத்தூத்தா என்ற ஆசிரியைக்கு 17 ஆண்டு கடுங்காவல். அவர் 1906 டிசம்பரில் சிறையிலிருந்து தப்பி ஜெனீவா போனார். திரும்பி வந்து மறுபடி சிக்கினார். 1917 புரட்சி வந்துதான் விடுதலை. பிறகு சோவியத் ஆட்சியிலும் சிறை. 1938 பிப்ரவரி 8-ல், சோவியத் விரோதி என்று தீர்ப்பெழுதி, அன்றைக்கே சுட்டுவிட்டார்கள்.