அடிமனை

வீட்டின் சுவரும் கூரையும் ஒருவருக்கும், அவை நிற்கும் மண் வேறொருவருக்கும் பாத்தியமாக இருக்குமாயின், அம்மண்ணுக்கு அடிமனை என்றும், அதற்கென வீட்டுக்காரர் செலுத்தும் தொகைக்கு அடிமனை வாடகை என்றும் தமிழ்நாட்டில் பெயர் வழங்குகிறது. மண்ணில் எழுந்தது மண்ணுக்குரியவனையே சாரும் என்னும் ஆங்கிலேயக் கோட்பாடு இத்தேசத்தில் முழுமையாக வேரூன்றவில்லை. வேறுவிதமான ஒப்பந்தம் இல்லாதவிடத்து, குத்தகைதாரன் தான் கட்டியதைப் பெயர்த்துக்கொண்டு போகலாம் என்றே 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் விதித்தது. பெயர்த்த வீட்டை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பது சட்டத்தின் கவலையன்று.

சென்னைப் பட்டணத்தில் ஆலயங்களும் தர்ம ஸ்தாபனங்களும் தனவந்தர்களும் வாடகைக்கு விட்ட வெற்று மனைகளில், வாடகை ஒழுங்காகக் கொடுத்துவரும்வரை தம்மை எவரும் எழுப்பமாட்டார் என்ற நம்பிக்கையில் பலர் வீடு கட்டிக் குடியேறினர். அந்த நம்பிக்கையையே பீடிகையில் எடுத்துக் கூறி இயற்றப்பட்டது, 1921-ஆம் ஆண்டின் சென்னை நகர வாடகைதாரர் பாதுகாப்புச் சட்டம். காலிசெய்ய நேர்ந்தால் கட்டடத்துக்கும் மரங்களுக்கும் நஷ்டஈடு பெறும் உரிமையை அது அளித்தது; அதனினும் முக்கியமாக, வெளியேற்ற வழக்கிற்கு ஆளானவர், அந்த மனையைத் தமக்கே விற்குமாறு உரிமையாளருக்குக் கட்டளையிட வேண்டும் என்று நியாயஸ்தலத்தை வேண்டிக்கொள்ள 9-ஆம் பிரிவு வழிசெய்தது. உத்தரவுக்கு முந்திய 3 ஆண்டுகளின் சந்தை மதிப்பின் சராசரியே கிரயமாயிற்று. துரத்த வந்தவரையே விற்பவராக்கிய விசித்திரமான பிரிவு இது; பின்னர் வேறு நகரங்களுக்கும் சட்டம் விஸ்தரிக்கப்பட்டது.

ஆலயச் சொத்துக்கள் இவ்வழியே கரைந்துபோகக் கூடாதென்று 1996-ஆம் ஆண்டின் திருத்தம் சமய ஸ்தாபனங்கள், சமயம் சார்ந்த தர்மங்கள் ஆகியவற்றின் நிலங்களைச் சட்டத்தின் எல்லையிலிருந்து விலக்கியது. மயிலாப்பூர், ஸ்ரீரங்கம் போன்ற க்ஷேத்திரங்களில் தலைமுறைகளாக வாழ்வோருக்கு இது பெரிய மாறுதல். அறநிலையத் துறைச் சட்டப்படி, கோயில் நிலத்தை 5 ஆண்டுகளுக்கு மேற்பட்ட குத்தகைக்கு விடவும் ஆணையரின் அனுமதி வேண்டும்.

ஆகவே இத்தகைய வீட்டை வாங்க முற்படுபவர் முதலில் படிக்கவேண்டியது கிரயப் பத்திரத்தின் சொத்து விவரத்தை. அங்கே ‘மேற்கட்டடம் மட்டும்’ என்றிருந்தால், அவர் கொடுக்கும் பணம் செங்கல்லுக்கும் மரத்துக்குமே ஆகும். விற்பவர் நீட்டும் வாடகை ரசீது சில வேளைகளில் அவருடைய பாட்டனார் பெயரிலேயே இருக்கும். அதைப் புதியவர் பெயருக்கு மாற்றித் தருவதோ, மறுப்பதோ கோயில் நிர்வாகத்தின் கையில்.