யார்னிங்

யார்னிங் என்பது, ஆஸ்திரேலியப் பூர்வகுடி மக்களும் டொரஸ் நீரிணைத் தீவு மக்களும் செய்தியையும் அனுபவத்தையும் கதைபோலச் சொல்லிக் கேட்டுப் பகிரும் உரையாடல் மரபையும், அதன் அடிப்படையில் சமூகவியல், நலவாழ்வு முதலிய துறைகளில் தகவல் திரட்டும் முறையையும் குறிக்கும். மேற்கு ஆஸ்திரேலியப் பூர்வகுடி அறிஞரான டான் பெஸ்ஸராப், பிரிஜெட் ஙாண்டுவுடன் இணைந்து 2010இல் வெளியிட்ட கட்டுரை, ஆஸ்திரேலியாவிலும் போட்ஸ்வானாவிலும் நடந்த ஆய்வுகளைச் சான்றாகக் கொண்டு, இம்முறை கல்விப்புலம் ஏற்கத்தக்க கட்டுக்கோப்புடையது என்று வாதிட்டது.

அக்கட்டுரை காட்டும் நான்கு வகைகளுள் அடிப்படையானது சமூக யார்னிங். ஆய்வாளர் தம் குடும்பம், ஊர், நிலத்தொடர்பு ஆகியவற்றைக் கூற, எதிரிலிருப்பவர் அவரை எடைபோட்டு, நம்பலாமா என முடிவுசெய்வதால், இங்கு முதலில் விசாரிக்கப்படுபவர் ஆய்வாளரே எனலாம். உறவு அமைந்தபின் ஆய்வுப்பொருள் யார்னிங் தொடங்கும். கருத்துகளை இருவரும் சேர்ந்து அலசுவது கூட்டு யார்னிங், துயர நினைவுகள் வெளிப்படுகையில் ஆய்வாளர் கேள்விகளை ஒதுக்கிவிட்டுச் செவிகொடுப்பது ஆற்றுப்படுத்தும் யார்னிங்.

கனடாவில் ஆய்வாளர் மார்கரெட் கோவாச் இதையொத்த உரையாடல் முறையை விளக்கியுள்ளார். அந்நாட்டுப் பூர்வகுடிகளுள் ஒன்றான கிரீ இனத்தைச் சேர்ந்த ஷான் வில்சன், 2008இல் வெளிவந்த தம் நூலில், ஆய்வாளர் தம் உறவுகள் அனைத்திற்கும் பொறுப்புடையவர் என்னும் கோட்பாட்டை வகுத்தார். எனினும், யார்னிங்கில் பேச்சு தன்போக்கில் கிளைத்துச் செல்வதால், பதிவுகளை எழுத்தாக்கிப் பகுத்தாய நெடுங்காலம் தேவைப்படுகிறது. குறுகிய கால நிதித்திட்டங்கள் இதற்கு எளிதில் இடங்கொடுப்பதில்லை.